கல்வெட்டு ஊர் சுற்றப் போகிறார்

“உலகத்துல எந்த மூலையில வேணும்னாலும் என்னைக் கொண்டுபோய் இறக்கி விடுங்க. நான் வழிகாட்டியாத்தான் இருப்பேன். இன்னொருத்தன் கைய நீட்ட, நான் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கறது மட்டும் நடக்காது. இந்த உடம்புல உயிர் இருக்கற வரைக்கும் நான் டூரிஸ்ட் ஆக மாட்டேன்!”

இடிந்த அரண்மனையின் முதல் வாசலில், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள் ஒரு பஸ் நிறைய வந்து இறங்கியபோது கல்வெட்டு இப்படி முழங்கினார். முழங்கிக்கொண்டே பின்பக்கமாக நடந்தார். தலைக்கு மேல் தொங்கும் வளைவின் மிச்சத்துக்குச் சரியாகக் குனிந்தார். விழுந்து கிடக்கும் தூண் துண்டைத் திரும்பிப் பாராமலே தாண்டினார். கூட்டம் கைதட்டியது. பேச்சுக்கா தாண்டலுக்கா என்பது விளங்கவில்லை. அவர் இரண்டுக்கும் சேர்த்தே தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார்.

பின்பக்கமாக நடப்பது வழிகாட்டிகளின் தொழில் தர்மம். முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால் கூட்டம் கரைந்துவிடும். ஆனால் மற்ற வழிகாட்டிகள் வேலை முடிந்ததும் எல்லோரையும் போல முன்பக்கமாக நடந்து வீடு போய்ச் சேர்கிறார்கள். கல்வெட்டுக்கு அந்த வசதி போய் வெகுகாலம் ஆகிறது. வீட்டம்மாவோடு கடைத்தெருவுக்குப் போனாலும் நாலடி முன்னால் போய், அவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, ஒரு கையால் இடப்பக்கத்து மருந்துக் கடையையும் மறு கையால் வலப்பக்கத்துப் பாத்திரக் கடையையும் சுட்டியபடி பின்வாங்குவார். அரண்மனையில் இத்தனை வருஷத்தில் அவர் எதன் மேலும் மோதியதில்லை. கடைத்தெருவில் மோதாத கம்பம் இல்லை. “அரண்மனையில கல்லு இருந்த எடத்துலயே இருக்கும். இங்க தினம் ஒண்ணை நட்டு வைக்கறான்” என்பது அவர் தரப்பு நியாயம்.

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் இருக்கிறது. அந்த அட்டையிலுள்ள படத்தில் தலைமுடியும் இருக்கிறது. இரண்டையும் இப்போது யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. ஒன்றைச் சொல்லிவிட்டாரென்றால் மழையோ வெயிலோ ஆதாரமோ அதை அழிக்க முடியாது என்பதால் சக வழிகாட்டிகள் சூட்டிய பெயர்தான் கல்வெட்டு. கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. அது விரிந்து யாரும் பார்த்ததில்லை. சுட்டிக்காட்டுவதற்கும், கூட்டத்தை ஒதுக்குவதற்கும், ராஜா குதிரை மேல் வருகிற கட்டத்தில் வாளாகப் பயன்படுவதற்கும் மட்டுமே அது வாங்கப்பட்டது.

அரண்மனையின் வயது வருகிறவரைப் பொறுத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஐந்நூறு வருஷம் போதும். அதற்கு மேல் அவர்களுக்கு எண்ணிக்கையில் அக்கறை இல்லை. நேற்று முளைத்த நாடுகளிலிருந்து வருகிறவர்கள் என்றால் தாராளமாக ஆயிரத்தைத் தாண்டுவார். தங்கள் ஊரிலேயே இடிபாடுகள் வைத்திருக்கும் நாட்டுக்காரர்கள் வந்துவிட்டால் வயதைத் தொடவே மாட்டார். நேராகக் காதல் கதைக்குப் போய்விடுவார். அந்தத் துறையில் நம்மோடு போட்டி போட எந்த நாட்டுக்கும் வக்கில்லை என்பது அவர் நம்பிக்கை. ஒரு ராஜா, இரண்டு ராணி, ஒரு குதிரை. இதை வைத்துக்கொண்டு எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் ஓட்டுவார். ஒருமுறை ஆராய்ச்சி மாணவி ஒருத்தி துணிந்து கேட்டுவிட்டாள்.

“இதுக்கெல்லாம் ஆதாரம் என்ன சார்?”

“ஆதாரம் இருந்திருந்தா நீங்களே பாத்துட்டுப் போயிருப்பீங்களேம்மா. என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?”

அவள் நோட்டை மூடிக்கொண்டு போனதை வரலாற்றுத் துறைக்கு நேர்ந்த தோல்வியாக அவர் இன்றும் கருதுகிறார்.

சுற்றுலாத் துறை ஒருமுறை வழிகாட்டிகளையெல்லாம் குளிரூட்டிய அறையில் உட்கார வைத்து வகுப்பு நடத்தியது. திரையில் ஒரு வண்ண வட்டம். வட்டத்தைப் பலகாரம் போலத் துண்டு போட்டிருந்தார்கள். பாரம்பரியச் சுற்றுலா, ஆன்மிகச் சுற்றுலா, மருத்துவச் சுற்றுலா, சாகசச் சுற்றுலா என்று ஒவ்வொரு துண்டையும் அதிகாரி விளக்கிக்கொண்டே போனார். நடுவில் ஒரு குடை உயர்ந்தது.

“சார், பெரிய துண்டையே விட்டுட்டீங்களே.”

“எது?”

“பாத்ரூம் சுற்றுலா. அந்த ரோட்டுல அவ்வளவு தூரத்துக்கு சுத்தமான பாத்ரூம் நம்ம அரண்மனையில மட்டும்தான் இருக்கு. பாதிப் பேர் அதுக்குத்தான் வண்டிய நிறுத்தறாங்க. வந்த வெக்கத்துக்கு ஒரு டிக்கெட்டை வாங்கி அரண்மனையையும் பாத்துட்டுப் போறாங்க.”

அறையே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். மறு வருஷம் அரண்மனைக்கு மேம்பாட்டு நிதி வந்தபோது இடிந்த மதில் இடிந்தபடியே இருக்க, என்ன கட்டினார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கல்வெட்டின் சொந்தப் பட்டியல் இன்னும் நீளம். சாட்சிச் சுற்றுலா என்று ஒன்று. வந்ததற்குப் படம் வேண்டும் என்பதற்காக வருகிறவர்கள்; அரண்மனைக்கு முதுகைக் காட்டி நின்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அமைதிச் சுற்றுலா என்று இன்னொன்று. மன அமைதி தேடி வெகுதூரம் வந்து டிக்கெட் கவுன்ட்டரில் சண்டை போடுகிறவர்கள். சம்பந்திச் சுற்றுலாதான் அவருக்குப் பிடித்தது. புதிதாகச் சம்பந்தம் செய்துகொண்ட இரண்டு குடும்பங்கள், இனி என்ன பேசுவது என்று தெரியாமல் ஒரே வேனில் ஏறி வந்திருக்கும். “ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம இருக்க அவங்களுக்கு ஒரு சுவரு வேணும். நம்மகிட்டதான் அது நிறைய இருக்கே” என்பார். கல்யாணத்துக்கு முன்பு படம் எடுத்துக்கொள்ள வரும் ஜோடிகளை மட்டும் அவர் எந்த வகையிலும் சேர்ப்பதில்லை. அவர்களுக்கு வழிகாட்டி தேவைப்படாது. அந்த ஆத்திரத்தில், அவர்கள் எங்கே நின்றாலும் பின்னால் தூரத்தில் போய் நின்றுகொள்வார். எத்தனையோ வீட்டு ஆல்பங்களில் மணமக்களுக்கு நடுவே, தூரத்தில், குடையோடு ஒருவர் முறைத்துக்கொண்டிருக்கிறார்.

கடைசியாகப் பல் சுற்றுலா. வெளிநாட்டில் ஒரு பல் கட்டும் காசில் இங்கே வாய் முழுக்கக் கட்டிக்கொண்டு ஊரையும் சுற்றிப் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வருகிறவர்கள். பல்லை ராவி, அளவு எடுத்துவிட்டு, “செட்டு வர நாலு நாளாகும், எங்கயாவது போயிட்டு வாங்க” என்று மருத்துவமனையில் சொல்லிவிடுவார்கள். மரத்துப்போன தாடையோடு அவர்கள் அரண்மனைக்கு வருவார்கள். குறுக்குக் கேள்வி கேட்க வாய் வராது என்பதால் கல்வெட்டுக்கு இவர்களைப் போல மரியாதையான ரசிகர்கள் கிடையாது. இவர்களை அனுப்பி வைப்பதே வீட்டம்மாதான். அந்தப் பல் மருத்துவமனையின் முன் மேஜையில் டோக்கன் கொடுப்பது அவருடைய உத்தியோகம்.

வீட்டம்மா அதிகம் பேச மாட்டார். “உக்காருங்க, கூப்பிடுவாங்க” என்று அவர் சொல்லும் விதத்தில், வலியால் துடித்துக்கொண்டு வந்தவர்கள்கூட வலியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஒன்று சொன்னால் சொன்னதுதான். ஒருமுறை ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டே கல்வெட்டு பின்பக்கம் திரும்பி ஒரு பழைய பாலத்தைப் பற்றி விளக்கப்போய், வண்டி காய்கறித் தள்ளுவண்டிக்குள் நுழைந்தது. “இனிமே இதுல நான் ஏற மாட்டேன்” என்றார் வீட்டம்மா. அன்று முதல் பஸ்தான். ஒரே தெருவிலிருந்து ஒரே திசைக்கு இருவரும் தினமும் தனித்தனியாகப் போகிறார்கள்.

அப்படிப்பட்ட வீட்டம்மா ஒரு சாயங்காலம், காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

“என்னங்க, ஒண்ணு கேக்கணும்.”

“கேளு. ரெண்டாவது ராணியைப் பத்தியா?”

“என்னைப் பத்தி. பல்லு கட்ட வந்த அம்மா இன்னைக்கு செட்டு மாட்டிக்கிட்டு, போன்ல படமா காட்டிட்டுப் போச்சு. குகை, மலைக்கோட்டை, ஆயிரம் தூணு வச்ச ஒரு மண்டபம். ‘இதெல்லாம் நீங்க பாத்திருப்பீங்களே’ன்னு கேக்குது. நான் என்னத்தைச் சொல்ல? பல்லு கட்ட வந்தவ என் நாட்டை முழுசா பாத்துட்டுப் போறா. நான் அவளுக்கு டோக்கன் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

“அவ்வளவுதானே? உக்காரு, அந்த மண்டபத்தைப் பத்தி நான் சொல்றேன்.”

“நீங்க அங்க போயிருக்கீங்களா?”

“போய்த்தான் தெரியணுமா? எல்லா மண்டபமும் ஒண்ணுதான். தூணு இருக்கும், கூரை இருக்காது.”

வீட்டம்மா ஒரு போர்வையை உதறினார். “கல்யாணம் ஆன புதுசுல உங்க அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போனீங்க. எனக்கு உங்க வாய்தான் ஞாபகம் இருக்கு. அரண்மனை ஞாபகம் இல்ல.”

கல்வெட்டு இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது.

“டூர் பஸ்ல ரெண்டு சீட்டு போட்டாச்சு. நீங்க வரலைன்னா பக்கத்து சீட்டுல பையை வச்சுக்குவேன். வந்தா ஒண்ணே ஒண்ணு. அங்க நீங்க கைடு இல்ல, என்கூட வந்த ஆளு. அங்க இருக்கற கைடு சொல்வாரு, நாம கேக்கணும். நடுவுல நீங்க கதைய ஆரம்பிச்சீங்க, அத்தோட உங்ககூட நான் எங்கயும் வர மாட்டேன்.”

ஸ்கூட்டர் அவர் நினைவுக்கு வந்தது. கல்வெட்டு தலையாட்டினார்.

அரண்மனையில் அவர் சொன்ன காரணம் வேறு. “ஆய்வுப் பயணம். அங்கெல்லாம் எப்படிச் செய்யறாங்கன்னு ஒரு பார்வை பாத்துட்டு வந்துடறேன்.”

“அப்ப டூரிஸ்ட்டா போறீங்கன்னு சொல்லுங்கண்ணே” என்றார் ஒரு சக வழிகாட்டி.

“இன்ஸ்பெக்‌ஷன்னு சொல்றேன்!”

பயணத்தின் முதல் பகுதியை அவர் ஒரு பெப்பர்மின்ட் பொட்டலத்தின் உதவியால் கடந்தார். மலைக்கோட்டையில் அங்கிருந்த வழிகாட்டி ஒரு பீரங்கியின் நீளத்தைக் குறைத்துச் சொன்னபோது ஒன்று வாய்க்குள் போயிற்று. குகையில் வேறொரு வழிகாட்டி, ஓவியத்திலிருந்த யானையை மாடு என்று சொன்னபோது இரண்டு. ஒரே ஒருமுறை இருமினார். வீட்டம்மா திரும்பிப் பார்த்தார். இருமல் நின்றது. ஆயிரம் தூண் மண்டபத்துக்கு வந்து இறங்கியபோது பொட்டலம் காலி.

அங்கே கூட்டத்துக்கு வாய்த்த வழிகாட்டி கல்வெட்டின் வயதுக்காரர். கழுத்தில் மப்ளர். பேசிப் பேசித் தொண்டை தேய்ந்து, இப்போது காற்று மட்டும்தான் வந்தது. முன்னால் நின்ற நாலைந்து பேருக்கு மேல் அவர் சொல்வது எட்டவில்லை. “என்னங்க சொல்றாரு?” “ஒண்ணும் கேக்கலை.” “சத்தமா சொல்லுங்க சார்!” என்று பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது.

கல்வெட்டு எதுவும் செய்யவில்லை. வழக்கம்போல வீட்டம்மாவுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான். தரையில் ஒரு கல் துருத்திக்கொண்டிருப்பதைக் குடையால் காட்டி, “பாத்து வா, இங்க கல்லு தூக்கிக்கிட்டு இருக்கு” என்றார். மனைவியின் கால் மேல் அக்கறையுள்ள எந்தக் கணவனும் சொல்லக்கூடிய வாக்கியம். ஆனால் அந்தக் குரல் மண்டபம் முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. பின் வரிசைக்காரர்கள் அத்தனை பேரும் அந்தக் கல்லைப் பார்த்தார்கள், பிறகு குடையை, பிறகு அவரை.

“சார், இந்த மண்டபம் எதுக்குக் கட்டினாங்க?” என்றார் ஒருவர்.

நாள் கணக்கில் பட்டினி கிடந்தவன் முன்னால் சோற்றுத் தட்டை வைத்ததற்குச் சமம் இது. கல்வெட்டு வீட்டம்மாவைப் பார்த்தார். வீட்டம்மா கண்ணாலேயே வேண்டாம் என்றார். கல்வெட்டின் வாய் ஏற்கெனவே திறந்திருந்தது.

“எதுக்கா? ஒரு பொம்பளையோட கோபத்தைத் தணிக்கக் கட்டினாருங்க!”

அப்புறம் அவர் கையில் எதுவும் இல்லை. சொந்த ஊர் அரண்மனையிலிருந்து ராஜா வந்தார். இரண்டு ராணிகளும் வந்தார்கள். குதிரையும் வந்தது. குடை வாளாயிற்று. கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து மொத்தமும் இவர் பக்கம் சேர்ந்துவிட்டது. மப்ளர்காரரிடம் மிஞ்சியது ஒரே ஒரு பெரியவர். அவருக்குக் காது கேட்காது, ஆகவே எந்த வழிகாட்டியும் ஒன்றுதான். முதல் ராணி தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட இடத்தில் கைதட்டல் எழுந்தது. கல்வெட்டு தலைகுனிந்து நிமிர்ந்தபோது வீட்டம்மா அவரைக் கடந்து வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

“நான் பஸ்ல உக்காந்திருக்கேன்” என்றார். டோக்கன் கொடுக்கும் அதே குரல்.

இத்தனை வருஷமாகக் கல்வெட்டு பார்த்தவை கற்கள் அல்ல, முகங்கள். கல்லைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொல்வாரே தவிர, முகத்தைத் தப்பாகப் படித்ததே கிடையாது. அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பார். இல்லை. நாலு நாள் லீவு போட்டு, புதுச் செருப்பு வாங்கி, பார்க்க வந்ததைப் பார்க்காமலே திரும்பும் ஒருத்தியின் முகம் அது.

“அப்புறம் அந்த ராணி என்ன ஆனா சார்?” கூட்டம் விடவில்லை.

கல்வெட்டு குடையைத் தாழ்த்தினார். “எனக்குத் தெரியாதுங்க” என்றார்.

“என்னது?”

“நான் இந்த ஊரு இல்ல. இங்க இதுக்கு முன்னால வந்ததே இல்ல. இப்ப சொன்னது பூரா எங்க ஊரு சரக்கு. அதோ மப்ளர் போட்டுக்கிட்டு நிக்கறாரே, அவருதான் கைடு. கிட்டப் போய் நின்னா நல்லா கேக்கும்.”

“அட, நல்லாத்தானேய்யா போயிட்டிருந்துச்சு!”

“ஏன்யா, நீயும் டிக்கெட் வாங்கிட்டு வந்த ஆளா?”

இதற்கெல்லாம் பதில் சொல்ல அவர் அங்கே இல்லை. முன்பக்கமாக, வேகமாக, பஸ்ஸைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.

ஜன்னலோரம் வீட்டம்மா. பக்கத்து சீட்டில் கைப்பை உட்கார்ந்திருந்தது.

“எந்திரிச்சு வா.”

“எதுக்கு? ரெண்டாவது ராணியைப் பாக்கவா?”

“ரெண்டு பேரையும் திருப்பி அனுப்பியாச்சு. குதிரையும் போயிடுச்சு. வா, கடைசி வரிசையில நிப்போம். நான் பேசலை.”

“நீங்க சொல்றதையெல்லாம் நம்பறதுக்கு நான் என்ன டூரிஸ்ட்டா?”

கல்வெட்டு பஸ்ஸிலிருந்து இறங்கிப் படிக்குக் கீழேயே நின்றார். வெயில் மண்டையில் அடித்தது. குடையை விரிக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. வீட்டம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். முதல் காரியமாகக் குடையை வாங்கித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கைப்பையை அவரிடம் நீட்டினார்.

“ரெண்டு கையாலயும் புடிங்க. கை சும்மா இருந்தா நீட்டச் சொல்லும்.”

மண்டபத்துக்குள் கூட்டம் இப்போது மப்ளர்காரரைச் சுற்றி நெருக்கியடித்து நின்றது. காற்றுக் குரலைக் கேட்க வேண்டுமென்றால் எல்லோரும் மூச்சை அடக்க வேண்டியிருந்தது. இவர்களைக் கண்டதும் அவர் ஒரு நொடி நிறுத்தினார். கல்வெட்டு கைப்பையோடு கடைசியில் போய் நின்றதைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

“நான் அந்தக் கோடியில இருக்கற தூணைத் தட்டுவேன், வெறும் விரலால. இந்தத் தூண்ல காதை வச்சா கேக்கும். ஒவ்வொருத்தரா வாங்க.”

கல்வெட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். அவருடைய அரண்மனையிலும் இப்படி ஒரு கல் உண்டு. அதில் ஒன்றும் கேட்காது என்பது, அதைக் கண்டுபிடித்தவர் என்ற முறையில், அவருக்குத் தெரியும். ஆனாலும் கேட்கவில்லை என்று சொன்ன பயணி இதுவரை ஒருவர்கூட இல்லை. பின்னால் வரிசை நிற்கும்போது யாருக்கும் செவிடாக மனம் வராது.

மப்ளர்காரர் கோடித் தூணுக்குப் போனதும் வரிசை நகர்ந்தது. ஒவ்வொருவராகக் காதை வைத்தார்கள், “ஆமாம்!” என்றார்கள், போனார்கள். தன் முறை வந்தால் சொல்வதற்கு ஒரு “ஆஹா”வைக் கல்வெட்டு தயாராக வைத்திருந்தார். தொழில்காரனுக்குத் தொழில்காரன் செய்யும் மரியாதை. அதற்கேற்ற முகத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, கைப்பையை மார்போடு அணைத்தபடி குனிந்து, தூணில் காதை ஒட்டினார். கல் குளுமையாக இருந்தது. வெகு தூரத்தில் மப்ளர்காரர் விரலால் தூணைத் தட்டினார். அது கல்லுக்குள் ஓடி வந்து காதில் விழுந்தது.

“ஆஹா” வரவில்லை. எடுத்து வைத்திருந்த முகம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. வாய் பாதி திறந்தது. கண் தானாக மூடிக்கொண்டது.

“என்னங்க, கேக்குதா?” என்றார் வீட்டம்மா.

அவர் காதைக் கல்லோடு இன்னும் அழுத்தினார்.

“என்ன கேக்குதுன்னு சொல்லுங்களேன்.”

மூச்சையும் அடக்கிக்கொண்டார்.

“சரி, நகருங்க. நானும் கேக்க வேணாமா? பின்னால எவ்வளவு பேரு நிக்கறாங்க பாருங்க!” வீட்டம்மா குடையின் கைப்பிடியால் அவர் தோளில் தட்டினார். வரிசையில் இருந்த காது கேட்காத பெரியவர்கூடப் பொறுமையிழந்து, “அட, விடுங்க சார்!” என்று சத்தம் போட்டார்.

கல்வெட்டு அசையவில்லை. கன்னம் தூணோடு ஒட்டியிருக்க, கண்ணைத் திறக்காமலே, கைப்பையிலிருந்து ஒரு கையை மட்டும் விடுவித்து, கோடித் தூண் இருந்த பக்கமாக ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினார்: இன்னொரு தடவை.